லிமாவிலிருந்து வந்த ஏப்ரன்

ஒரு வாரமாகத் துணி காயவில்லை. ஆவடி முழுக்க ஈரம். வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, மின்விசிறிக்குக் கீழே போட்டும் துணியில் அந்தப் புளித்த வாடை போகவில்லை. இன்று காலை முகம் துடைக்கத் துண்டை எடுத்தபோது, அந்த வாடையோடு உன் குரலும் வந்தது.

"இந்த ஊர்ல துணியே காய மாட்டேங்குதுடி. மழையும் இல்ல, வெயிலும் இல்ல. வானம் பழைய அலுமினிய சட்டி மாதிரி கீது. சாக்ஸ ஹேர் டிரையர்ல காட்டிகினு கீறேன்."

லிமாவுக்குப் போன முதல் வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அது. அண்ணனூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே, ரயிலில் நின்றுகொண்டு கேட்டேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மா என்னை முறைத்தார்.

உலர்ந்த துணி ஏதாவது கிடைக்குமா என்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த ஏப்ரன் இருந்தது. கறுப்புத் துணியில் சிவப்புப் பூக்கள், இரண்டு மஞ்சள் குருவிகள், எல்லாம் கைத்தையல். அதில் மட்டும் ஈர வாடை இல்லை. நீ கொண்டுவந்த பெட்டியின் வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதை வெளியே எடுத்தேன். பிறகு உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குள் பேச்சு எப்போதும் உன்னுடையதுதான். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து நீ எனக்காகவும் பேசினாய். யாராவது ஏதாவது கேட்டால் எனக்குக் குரல் வராது. நீ என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவாய். நீங்கள் குடியிருந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் வாசல் மளிகைக் கடையில்கூட, "அண்ணாத்தே, இவளுக்கு அர கிலோ ரவ. சீக்கிரம் குடு, இவ இங்கியே நின்னு செலயாயிடுவா," என்பாய். கடைக்காரர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அப்பா படுத்த படுக்கையான பிறகு நான் பதினோராம் வகுப்போடு நின்றேன். ஏன் நிற்கிறாய் என்று டீச்சர் கேட்டபோது பதில் சொன்னதும் நீதான். "அவ ஊட்ல கஷ்டம் மிஸ். அவள இன்னும் கேக்காதீங்க, அழுதுடுவா." நான் அம்பத்தூரில் பிளவுஸ் தைக்கும் கடைக்குப் போனேன். ஹூக் வைப்பதும் ஓரம் அடிப்பதும் என் வேலை. நீ குவார்ட்டர்ஸ் மதிலுக்கு உள்ளே, நான் வெளியே. ஆனாலும் சாயங்காலம் ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தாய். பள்ளி போனது எனக்குப் பெரிதாகத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பிறகு அந்த மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரு நாட்டில், லிமா நகரத்தில், ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்குப் போக வேண்டும். உலக வரைபடத்தில் நீ விரல் வைத்துக் காட்டினாய். கிளம்பும் அன்று உன் அப்பா வாடகைக் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்து, "எங்கம்மாவ பாத்துக்கோடி. முட்டி வலிக்குதுன்னு சொல்லாது. நொண்டும், அத வெச்சு கண்டுபுடி," என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உன் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டியோடு உட்கார்ந்து காய் நறுக்கினேன், மாவு அரைத்தேன். எனக்கு அது வேலையாகத் தோன்றியதே இல்லை.

உன் முதல் வாரங்கள் எனக்கு மனப்பாடம். பார்க்கிறவர்கள் எல்லாரும் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுக்கிறார்கள் என்றும், எந்தப் பக்கம் கன்னத்தைக் காட்டுவது என்று தெரியாமல் ஒரு தாத்தாவின் மூக்கில் முட்டிவிட்டாய் என்றும் சொன்னாய். தினமும் சோறு போடுகிறார்கள், ஆனால் பூண்டும் எண்ணெயும் போட்டு வேகவைக்கிறார்கள். சின்ன பஸ்ஸின் கதவில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் தெருப் பெயரைக் கத்துகிறான். "அப்டியே நம்ம பூந்தமல்லி ஷேர் ஆட்டோடி. இன்னா, பாஷதான் வேற," என்றாய். ஒருநாள் அந்த பஸ்ஸில் இறங்கும் இடம் தெரியாமல் எங்கோ இறங்கி, கடல் இரைச்சல் மட்டும் கேட்கும் ஒரு முனையில் நின்று அழுதாய். அந்த மெசேஜில் பேச்சைவிட மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் அதிகம்.

உன் அம்மாவிடம் "சூப்பரா கீதும்மா" என்பாய். ஆன்ட்டி அதை என்னிடம் சந்தோஷமாகச் சொல்வார். நான் தலையாட்டுவேன். உண்மையான லிமா என் போனில் மட்டும் இருந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

அந்த வீட்டில் வேலை செய்த அக்காவைப் பற்றியும் சொன்னாய். அங்கே மலைப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். எல்லாரும் மேசையில் சாப்பிட, அவர் மட்டும் சமையலறையில் தனியாகச் சாப்பிடுவார். உனக்கு அப்படிக் கோபம் வந்தது. "நானும் தட்ட எடுத்துகினு உள்ள போய் அந்தக்கா பக்கத்துல உக்காந்துட்டேன். மமா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆவட்டும்." அங்கே உன்னைப் பார்த்துக்கொண்ட அம்மாவை நீ மமா என்றுதான் சொல்வாய். அந்த மெசேஜை நான் என் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "நல்ல பொண்ணும்மா அது," என்றார் அம்மா.

அடுத்த மாதம் அந்த மமா உன்னை நம் ஊர்ச் சாப்பாடு செய்யச் சொன்னார். உனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிறு காலை. நான் உன் வீட்டு அடுப்படியில் இருந்தேன். வீடியோவில் நீ வந்தாய்.

"எலுமிச்ச சாதம்தான் சொல்லிட்டேன். இன்னா பண்றதுன்னு சொல்லு, சீக்கிரம்."

"சோத்த மொதல்ல ஆற வெச்சியா?"

"ஆற வெக்கணுமா?"

"போச்சு போ. தட்டுல கொட்டி விசிறு."

ஆன்ட்டி கட்டிக் கொடுத்த கடுகும் காய்ந்த கறிவேப்பிலையும் உன்னிடம் இருந்தன. வேர்க்கடலை கருகுவதற்குள் நான் கத்தி நிறுத்தினேன். சாற்றை அடுப்பில் கொதிக்க விடாதே, இறக்கிவிட்டுப் பிழி என்றேன். உன்னிடம் மட்டும்தான் எனக்கு இப்படிக் குரல் வரும். எல்லாம் முடிந்து அவர்கள் வாயில் வைத்துப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்போது மமா போனுக்குள் எட்டி என்னைப் பார்த்து உன்னிடம் ஏதோ கேட்டார். நீ ஸ்பானிஷில் பதில் சொன்னாய். அவர் நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். உன் வயதுள்ள அவர் மகள் லூசியாவும் சிரித்தாள். கையில் கரண்டியோடு நானும் சிரித்தேன்.

"இன்னாடி சொன்ன என்னப் பத்தி?"

"பெருமையாத்தான் சொன்னேன், போ."

போதுமானதாக இருந்தது. எனக்காக எப்போதும் நீதானே பேசுவாய்.

நாளாக ஆக மெசேஜ் குறைந்தது. உனக்கு அந்த ஊர் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது நிறம் கொஞ்சம் வெளுத்து, முடியை வெட்டியிருந்தாய். பெட்டியைத் திறந்து இந்த ஏப்ரனை எடுத்து என் மடியில் போட்டாய். "மமா உனக்குன்னே வாங்கி அனுப்பினாங்க," என்றாய். என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம்கூட ஒரு முடிச்சு துருத்தவில்லை. கடல் தாண்டி ஒருவர் எனக்கென்று நினைத்து ஒரு பொருள் அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறே அதைக் கட்டிக்கொண்டு உன் வீட்டு அடுப்படியில் நின்றேன்.

நீ உள்ளே வந்து பார்த்ததும், "அத இங்க கட்டிகினு வராதடி," என்றாய்.

"ஏன்? நல்லால்லியா?"

"எண்ண பட்டுடும். உங்க ஊட்ல கட்டிக்கோ."

உனக்கு என் பொருள்மீது எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். நினைத்தேன், தெரியுமா?

போன வருடம் இதே மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆன்ட்டி என் தோளைப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு முடியவில்லை.

காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். நான் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். லூசியா வீடியோவில் அழைத்தாள். ஆன்ட்டி போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். லூசியாவும் அழுதாள். பிறகு ஆன்ட்டிக்குப் பின்னால், தட்டும் டம்ளருமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டாள். அவள் ஆங்கிலம் மெதுவாக இருந்ததால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"நீதானே இந்த வீட்டில் வேலை செய்யும் பெண்? உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகாத பெண், நாங்கள்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்பாள். அம்மா அனுப்பிய ஏப்ரன் உனக்கு அளவாக இருந்ததா?"

ஆன்ட்டி அழுகைக்கு நடுவே "யெஸ், யெஸ்," என்றார்.

நானும் தலையாட்டினேன். காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினேன். அழைப்பு முடிந்ததும் ஆன்ட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ள இங்கிலீஷ்ல என்னம்மா சொல்லிச்சு? எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றார்.

"ஆறுதல் சொன்னாங்க ஆன்ட்டி."

அன்று முதல் ஒரு வருடமாக உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே எல்லார் வீட்டிலும் ஓர் ஆள் இருந்தது, உன் வீட்டிலும் இருக்கட்டும் என்று தோன்றியதா? பள்ளியை விட்டுவிட்டுப் பிளவுஸுக்கு ஹூக் வைப்பவள் உன் தோழி என்று சொல்ல வாய் வரவில்லையா? அந்த மலையூர் அக்காவுக்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள்தானே நீ! தனியாகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் என்னை அங்கே உட்கார வைத்தாய். அதுவும் வாய் தவறிய ஒரு சொல் இல்லை. ஊர் திரும்பும்வரை அதையே சொல்லியிருக்கிறாய். கடைசியில் அதை மடித்துப் பெட்டியில் வைத்து எனக்கே கொண்டுவந்து கொடுத்தாய்.

நீ உயிரோடு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் முதல் சண்டையாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

போன வாரம் லூசியா எனக்கே செய்தி அனுப்பினாள். ஆன்ட்டியிடம் எண் வாங்கியிருக்கிறாள். உன் நினைவு நாளுக்கு அவர்கள் எலுமிச்சைச் சாதம் செய்யப் போகிறார்களாம். செய்முறை சொல்ல முடியுமா என்று கேட்டாள். பல நாள் பதில் போடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மேசையில் நீ பொய்க்காரி ஆவாய். சொல்லாவிட்டால் நான் அந்த வீட்டில் என்றைக்கும் வேலைக்காரப் பெண். உனக்கு இனி ஒரு பெயர்தான் மிச்சம். எனக்கும் ஒன்றுதானே இருக்கிறது?

இன்று காலை, ஏப்ரனை மடியில் வைத்துக்கொண்டு லூசியாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். நிறைய முறை அழித்து அழித்துப் பேசினேன். சோற்றை ஆற வைக்க வேண்டும், கடலை கருகக்கூடாது, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் சொன்னேன்: "ஐ டோன்ட் ஒர்க் இன் ஹர் ஹவுஸ். வீ சிட் சேம் பெஞ்ச். ஐ ஆம் ஹர் ஃப்ரெண்ட்."

உள்ளேயிருந்து அம்மா, "இன்னாடி இது, யாராண்ட இங்கிலீஷ்ல பேசிகினு கீற?" என்றார்.

"ஃப்ரெண்டு ஊட்டுக்கும்மா."

லூசியா அந்த மெசேஜைக் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். பஸ் முனையில் நின்று நீ அழுததைச் சொல்ல மாட்டேன். அது நீ என்னிடம் மட்டும் சொன்னது.

உன் மெசேஜ்கள் எதையும் நான் அழிக்கவில்லை. நாளைக்கும் ரயிலில் போட்டுக் கேட்பேன். துணியே காய மாட்டேங்குதுடி என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கறுப்புத் துணி ஞாபகம் வரும். திருமுல்லைவாயில் வந்துவிடும். இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.