ஒரு மடக்குக் கடல்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எங்களைத் தேடாதீர்கள். நானும் மகிழினியும் எதிர்வீட்டு இனியனும் மதுராந்தகம் போகிறோம். நேற்று பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் நம் மூணாங்கிளாஸ் விஞ்ஞானிகளுக்குத்தான் முதல் பரிசு! இன்றைக்கு அங்கே அடுத்த சுற்று.

கடல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணம் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தால் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் சொட்டும் என்றார்கள் இரண்டு பேரும். "இந்த மேகமூட்டத்துல நடக்காது" என்றீர்கள். கடைசியில் நடந்துவிட்டது. பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள் என்று நீங்கள் திருட்டுத்தனமாகக் கிண்ணத்தில் கேன் தண்ணீரை ஊற்றியதற்கு நான் போட்ட சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. இனியன் ஒரு வாய் குடித்ததுமே, "இன்னா ஆன்ட்டி, எங்கூட்டு கேன் தண்ணி மாரியே கீது!" என்றானே, எனக்கு மானமே போயிற்று.

நேற்று நடுவர், "வீட்ல யாராச்சும் ஹெல்ப் பண்ணாங்களா?" என்று கேட்டார். உங்கள் மகள் பளிச்சென்று சொன்னாள்: "எங்கப்பா பண்ணாரு சார். அதைக் கீழ கொட்டிட்டு மறுபடி நாங்களே வச்சோம்." கூடமே சிரித்தது. கைதட்டித் தட்டி என் கை சிவந்துவிட்டது.

தோசைமாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சிலிண்டர் வந்தால் வாங்கி வையுங்கள்.

பிரபா

மறந்துவிட்டேன்: மேசையில் மூடி வைத்திருக்கும் டம்ளரில் இருப்பது அவர்கள் எடுத்த தண்ணீர். ஒரு மடக்குதான். அப்பாவுக்கென்று மகிழினி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். குடியுங்கள்.

அதில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.