செடில் தழும்பு

கிரான்,
11.09.1998

தம்பி அழகரத்தினத்துக்கு அக்கா வசந்தாதேவி எழுதுவது. நீயும் இராசாத்தியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். எங்கள் சுகத்தை நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

லொறிக்கார மஜீட்டிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. சதாகரன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்துவிடலாம், வழக்காடினால் பத்து வருஷம் உள்ளே போட்டுவிடுவார்கள், அக்காவை யோசிக்கச் சொல் என்றாயாம். மஜீட் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த மனிசனுக்கு இருந்த வெட்கம் கூடப்பிறந்த உனக்கு இல்லாமல் போய்விட்டது.

எந்தக் குற்றத்தை என் பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டும்? கல்லூரிக்காக ஓடியதையா? கொழும்பில் போட்டி முடிந்து திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, பெடியன்களின் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். இவன் முதுகில் வரிசையாகத் தழும்பு. செல் குண்டு வெடித்துப் பட்ட காயம் என்று சொல்லிவிட்டார்கள். இவன் ஓட்டக்காரன், ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் மாகாணத்திலேயே முதலாவது என்று கூட வந்த மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படி ஓட எந்தக் காட்டில் பழக்கினார்கள் என்று கேட்டார்களாம். பிறகு இவனை அடித்து, சிங்களத்தில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் இவன் ஆயுதப் பயிற்சி எடுத்தானாம், ஆமிக் காம்பைத் தாக்கினானாம். சிங்களத்தில் தன் பேரைக்கூட எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அது.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? முதலாவதாக வந்தால் சித்தாண்டி முருகனுக்குச் செடில் காவடி எடுப்பான் என்று நேர்ந்தது நான். போன வருஷத் திருவிழாவில் எடுத்தான். முதுகில் கொக்கி ஏற்றிக் கயிறு கட்டினால், அந்தக் கயிற்றைப் பின்னால் நின்று பிடிக்க வேண்டியவன் தாய்மாமன். கந்தோரில் லீவு போட்டுவிட்டு வந்து நீதான் பிடித்தாய். வெயிலில் கோயிலைச் சுற்றி வரும்போது அவன் முதுகிலிருந்து வடிந்த இரத்தத்தை உன் சால்வையால் துடைத்தாய். இப்போது அதைச் செல் காயம் என்கிறார்கள், நீ வாயைத் திறக்கிறாய் இல்லை.

கதிர்காமத்தில் சிங்களச் சனமும் முதுகில் கொக்கி குத்துகிறது. அவர்களுக்கு அது பக்தி, என் பிள்ளைக்கு அது பயங்கரவாதம். ஆனால் அவர்கள்மேல் வருகிற கோபத்தைவிட உன்மேல் வருகிற கோபம் பெரிது. அவர்களுக்கு அவன் யாரோ. உனக்கு?

கொழும்பில் அவன் இருக்கிற சிறைச்சாலை உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு நாள் போய்ப் பார்த்தாயா? நான் பொலிஸ் பதிவும் சோதனையுமாக இங்கிருந்து வந்தபோது, வாடகை வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று என்னை ஒரு இரவு தங்கவும் விடவில்லை. மஜீட்டின் தங்கை ஸஹீதா வீட்டில்தான் கிடந்தேன். அவள் தன் பாயை எனக்கு விரித்துவிட்டு வெறும் நிலத்தில் படுத்தாள்.

சட்டத்தரணி சொல்வதைக் கேள். தாய் தகப்பன் சொல்வதை நீதிமன்றம் நம்பாதாம். கொக்கி ஏற்றிய பூசாரியார் மார்கழியில் காலமாகிவிட்டார். பார்த்த சனமெல்லாம் கொழும்பு என்றதும் பின்வாங்குகிறது. அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன், கயிறு பிடித்தவனே வந்து சொன்னால் நிற்கும் என்கிறார். அதோடு இன்னொன்றும் கேட்டார். அதே மாதிரித் தழும்பு உள்ள வேறு யாராவது வந்து காட்டுவார்களா என்று.

நான் உன் முதுகை நினைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். உனக்கு உத்தியோகம் கிடைத்த வருஷம் நீயும் செடில் எடுத்தாய். அங்கே குழாயடியில் சட்டையோடு குளிக்கிறாய் என்று இராசாத்தி ஒருமுறை சிரித்துச் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. இத்தனை வருஷமாக நீ சட்டைக்குள் ஒளிந்து சீவிக்கிறாய். என் பிள்ளையையும் பொய்க்குள் ஒளியச் சொல்கிறாய்.

அவன் ஒளிய மாட்டானாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "செய்யாததைச் செய்தன் எண்டு நான் சொல்லமாட்டன் அம்மா. மாமா வருவார்தானே? கயிறு பிடிச்சவர் அவர்தானே?" ஓம் மகன், வருவார் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு.

வாற மாதம் ஐந்தாம் திகதி வழக்கு. அத்தான் வயல் வட்டையை விட்டுவிட்டு என்னோடு வருகிறார். நீ வா. வந்து கயிறு பிடித்ததைச் சொல்லு. நீதிபதி கேட்டால் சட்டையைக் கழற்றிக் காட்டு. தழும்பைக் கண்டு உன்னையும் பிடித்து வைக்கலாம்; நான் உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்கவில்லை. இராசாத்தி என்னைத் திட்டுவாள், திட்டட்டும். எனக்கும் ஒரே ஒரு தம்பிதான்.

அன்றைக்குக் கழற்றுகிற சட்டையை நீயே உன் கையால் திரும்பப் போட்டுக்கொண்டு, என் பிள்ளையோடு வெளியே வர முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
நீதிமன்ற வாசலில் நிற்கப்போகும் உன் அக்கா
வசந்தாதேவி