முதலாளியின் மச்சானைப் பார்த்து வரிசை சரிசெய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்கால் வலியோடு கட்டடச் சாரம் ஏறாமல் இருக்கிறீர்களா?

இந்தக் கிடங்கில் காவலர்கள் நாங்கள் தினமும் அணிவகுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். அதிகாரி பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர். மீசை மட்டும் தளபதி மீசை. "வலப்பக்கம் பார்த்து வரிசை சரிசெய்!" என்று அவர் கத்தினால், வலக்கையை நீட்டி அடுத்தவர் தோளைத் தொட்டு இடைவெளி விட்டு, வலது ஓரத்து ஆளுக்கு நேராக நிற்க வேண்டும். அந்த ஆள் முதலாளியின் மச்சான். நேற்று வெயிலுக்குப் பயந்து தூண் நிழல் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கு நேராக நின்ற வரிசை குப்பைத்தொட்டி வரை கோணிக்கொண்டு போனது.

"எல்லாரும் கோணல்! அவரைப் பாத்துக் கத்துக்கோங்கடா!" என்று எங்களைப் பதினைந்து தடவை கை நீட்ட வைத்தார் மீசை. முதல் செங்கல்லை விட்டுவிட்டுச் சுவரைத் திட்டுகிறவனை நீங்கள் சித்தாளாகக்கூடச் சேர்க்க மாட்டீர்கள்.

கைவலிக்குத் தைலம் அனுப்புங்கள். ஞாயிறு மட்டும் இந்தக் கூத்து கிடையாது. ஆனால் அன்று முழுக்க யார் கையும் என் தோளில் படுவதில்லை.

மீசை விசில் ஊதிவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகன்