தீப நேரத்தில் லிப்ட்டுக்குள் ஆள் இருப்பதைப் பாராமல் மெயினை அணைத்தது குறித்து

அனுப்புநர்:
சந்திரம்மாள்,
க/பெ. காலஞ்சென்ற கோதண்டராமன்,
பெரிய தெரு, கீழ்பென்னாத்தூர்,
வடஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: கார்த்திகை தீபத்தன்று வேதா லாட்ஜ் லிப்ட்டில் நானும் கர்ப்பிணியான என் பேத்தியும் மாட்டிக்கொண்டது – உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும்படி ஏற்பாடு செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேரன் வேணு சென்னையில் டெலிபோன் இலாகாவில் இஞ்சினீயர். அடுத்தவன் சுப்பிரமணி கால்நடை டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறான். பேத்தி கஸ்தூரி வேலூரில் பி.எஸ்ஸி. முடித்தவள், எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண். சின்னவள் தனம் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதல். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனாலும் இந்த மனுவை நானேதான் எழுதுகிறேன். இதெல்லாம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். "லிப்ட்டையே பாக்காத பட்டிக்காட்டு ஜனங்க" என்று லாட்ஜ் மேனேஜர் அர்ஜுனன் பத்துப் பேர் முன்னால் எங்களைச் சொன்னார். அதற்காகத்தான்.

1. கஸ்தூரிக்கு அப்போது ஏழாம் மாதம். கூட்டத்தில் இடிபடாமல் மொட்டை மாடியிலிருந்து அவள் தீபம் பார்க்கட்டும் என்று வேணு அந்த லாட்ஜில் ரூம் எடுத்தான். சாயங்காலம் அவன் முன்னால் மேலே போய் இடம் பிடித்தான். நானும் கஸ்தூரியும் பின்னால் லிப்ட்டில் ஏறினோம். லிப்ட் ஓட்டுகிற ஆள் அங்கே இல்லை, அவரும் தீபம் பார்க்க மாடிக்குப் போய்விட்டார். பட்டனை அழுத்தியது பி.எஸ்ஸி. படித்த என் பேத்தி. தப்பாக ஒன்றும் அழுத்தவில்லை.

2. மலையில் தீபம் தெரிந்த பிறகே வீட்டில் விளக்கு ஏற்றுவது நம் ஊர் வழக்கம். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மேனேஜர் அந்த வழக்கத்துக்காகக் கட்டடத்தின் மெயினையே அணைத்தார். லிப்ட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் இரண்டு மாடிக்கு நடுவில் இருட்டில் நின்றோம். உள்ளே இருந்த சிவப்பு மணிப் பட்டனைக் கஸ்தூரி தேடிப் பிடித்து அழுத்தினாள். அது அடிக்கவில்லை. லிப்ட் ஓடுகிற அதே கரண்ட்டில்தான் அந்த மணியும் ஓடுகிறதாம். லிப்ட் நின்றால் தானும் நின்றுவிடுகிற மணியை எந்த மகாராசன் வைத்தானோ.

3. கதவைத் தட்டினோம். "அண்ணே! அண்ணே!" என்று கஸ்தூரி தொண்டை கிழியக் கத்தினாள். அந்த நேரம் பார்த்து மலையில் தீபம் ஏறிவிட்டது. ஊரே கத்துகிறது, எல்லாக் கோயில் மணியும் அடிக்கிறது. நாங்கள் கத்தக் கத்த மாடியில் இருந்தவர்கள் "அரோகரா!" என்று பதில் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் என் பேரன் வேணுவும் ஒருவன். "கதவு தட்டுற சத்தம் கேட்டுது ஆயா, மேளம்னு நெனச்சிட்டேன்" என்று பிறகு அழுதான். அந்த அரோகராவைக் கேட்டு உள்ளே என் கையும் தானாகக் கும்பிட்டது. அந்தக் கும்பிடு அண்ணாமலையாருக்கு. லாட்ஜ்காரருக்கு அல்ல.

4. உள்ளே காற்று இல்லை. மூலையில் எவனோ துப்பிய வெற்றிலை எச்சிலும் பழைய எண்ணெய் நாற்றமும் சேர்ந்து கஸ்தூரிக்குக் குமட்டியது. என் மேலேயே வாந்தி எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் அதுவரை மாடியில் பொரி உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் மெயினைப் போடும் ஞாபகம் வந்தது. கீழே யாரோ பட்டனை அழுத்த, லிப்ட் இறங்கிக் கதவு திறந்தது.

5. திறந்ததும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "இந்த அசிங்கத்த யாரு கழுவுறது?" பேத்திக்கு என்ன ஆச்சு என்று இல்லை. பினாயில் வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். குனிய முடியாத பிள்ளைத்தாச்சி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் துடைத்தேன். இத்தனை வயதில் இன்னொருவர் வீட்டுத் தரையை நான் துடைத்ததில்லை ஐயா.

6. துடைத்து முடித்த பிறகு நியாயம் கேட்டேன். "உள்ள ஆள் இருந்தா சத்தம் வருமில்ல பாட்டிம்மா?" என்றார். போட்டோமே என்றேன். "தீபத்தன்னிக்கு எவன்தான் சத்தம் போடல?" என்று சிரித்தார். சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அப்படியானால் வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? நாற்றத்தை வைத்தா?

7. கஸ்தூரிக்கு மாசியில் பிரசவம். இப்போது எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. குளிக்கும்போதும் கதவைத் திறந்து வைத்து நான் வெளியே காவல் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் பிரசவ அறையைச் சாத்துவார்கள் என்றால், "நான் கத்துனா யாருக்கு ஆயா தெரியும்?" என்கிறாள்.

ஆகவே, லிப்ட் மணியைப் பேட்டரியில் ஓடும்படி செய்யவும், அதை அழுத்தினால் லாட்ஜ் ஆபீஸ் மேஜை மேல் அதே பேட்டரியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி வைக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். தீப நாளில் காதைவிடக் கண்ணை நம்பலாம். மெயினை அணைக்கும் முன் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று பார்த்த பிறகே அணைக்க வேண்டும். அதுவரை அந்த லிப்ட்டைப் பூட்டி வைக்க வேண்டும்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு" என்ற வாய்வார்த்தை எனக்கு வேண்டாம். சமாதானம் பேச வந்த லாட்ஜ் ஆள், திறப்பு விழாவில் லிப்ட்டுக்கு மாலை போட்டு எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ஆள் நின்று அதைப் பார்க்கிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்து, மாசி பிறப்பதற்குள் மேலே கண்ட விலாசத்துக்குத் தபாலில் அனுப்பச் சொல்லவும். கஸ்தூரிக்குக் காட்ட வேண்டும்.

நாள்: 5-1-1987
இடம்: கீழ்பென்னாத்தூர்

தங்கள் தபாலை எதிர்பார்க்கும்,
சந்திரம்மாள்
(என் கையெழுத்து, கைநாட்டு அல்ல)