மஞ்சள் மாக்ஸிக்கு மேலே ஒரு பட்டுப்புடவை

இன்று காலை மிச்சம் விழுந்த மஞ்சள் பாப்ளின் துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். தலையணை உறைக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தது. துணி அமிழ்ந்ததும் அந்த வாசனை வந்தது. புதுத்துணிக் கஞ்சியும் மழைத்தண்ணீரும் கலந்த வாசனை. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக் குளியலறை ஒரு நிமிடம் மாயாபந்தர் குவார்ட்டர்ஸின் குழாயடியாகிவிட்டது. நீ குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கை வரை நனைந்து, “அரே, சாயமே போகலே பாரு, அசலி மால்!” என்று கத்திக்கொண்டிருந்தாய்.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. போன வாரம் உன் மகள் மிதாலிக்குக் கல்யாணம் ஆயிற்று. சாயங்கால வரவேற்புக்கு அவள் போட்டுக்கொண்டது உன் கல்யாண மாக்ஸியை. அதாவது, அதைப் போலவே நான் தைத்துக் கொடுத்ததை.

கல்யாணத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். மாயாபந்தர் ஜெட்டியில் எடுத்தது. நீயும் பிமலும் நடுவில், பக்கத்தில் நான். ஓரத்தில் உன் அம்மா, மடித்த பட்டுப்புடவை ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். உப்புக்காற்றில் போட்டோ வெளிறி, உன் உடுப்பு என்ன நிறம் என்றே தெரியாமல் போயிருந்தது.

“மாசி, எனக்கு இதே மாதிரி வேணும். இதே கழுத்து, இதே நீளம். மாடல்-வாடல் எதுவும் மாத்தக்கூடாது” என்றாள். பிறகு கையைத் தொட்டுக் காட்டினாள். “அந்தக் காலத்துலயே அம்மா லேஸ்ல கான்ட்ராஸ்ட் கை வச்சிருக்காங்க பாருங்க. என்ன டேஸ்ட்!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “டேஸ்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஜன்னல் கர்ட்டன்” என்றேன்.

அவள் முழித்தாள். நீ அவளிடம் எதையுமே சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உட்காரவைத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் புதிதாக நடப்பதுபோல் இருந்தது.

நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை உத்தரவோடு கப்பலேறி வந்தவள். நீ இந்தத் தீவுகளிலேயே பிறந்தவள். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் உன் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. மாயாபந்தரில் ஒரே ஆபீஸில் இரண்டு பேரும் டைப் அடித்தோம், ஒரே குவார்ட்டர்ஸில் சமைத்துச் சாப்பிட்டோம். முதல் மாதம் முழுக்க நான் அழுதுகொண்டே இருந்தேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய், “ரோனா-தோனா எல்லாம் இங்க உக்காந்து பண்ணு. காத்தாவது வரும்” என்றாய். அந்த ஜெட்டியில்தான் படகு என்ஜின் பழுதுபார்க்கும் பிமல் இருந்தான். நான் அழுகையை நிறுத்திய பிறகும் நீ தினமும் ஜெட்டிக்குப் போனது எதற்கென்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

பெங்காலிப் பையன் என்றதும் உன் அப்பா கடையை அன்றைக்குப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாராம். உன்னோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் நீ ஒரு பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாய். ஏதோ சாமான் சுற்றிவந்த தாள். அதில் ஒரு பெண், தரை கூட்டும் மஞ்சள் மாக்ஸியில், மணிபோல விரிந்த கைகளோடு நின்றாள். மெயின்லேண்டில் அந்த மோஸ்தர் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“எனக்கு இதைத் தச்சுக் குடு.”

“கல்யாணத்துக்கா? பட்டுப்புடவை கட்டிக்கடி. என்னோடது ஒண்ணு இருக்கு.”

“பட்டுப்புடவை கட்டினா, கட்டிவிட அம்மா இல்லைங்கிறது தெரியும். இதுக்கு யாரும் வேணாம். நானே மாட்டிக்குவேன்.”

ஊரிலிருந்து கொண்டுவந்த கைமெஷினுக்கு எண்ணெய் விட்டேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் பாப்ளின் வரவழைத்தோம். நனைத்துக் காயவைத்து அளந்தால் துணி சுருங்கியிருந்தது. உன் உயரத்துக்கு உடம்புப் பகுதி வெட்டியதோடு சரி, கைக்குத் துணி இல்லை. அடுத்த கப்பல் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஜன்னலில் தொங்கிய லேஸ் திரையைக் கழற்றி என் மடியில் போட்டாய்.

“அடியே, ஜன்னல்?”

“ஜன்னலுக்கு வெளியே யார் பாக்கப் போறா? சமுந்தர்தானே இருக்கு.”

இந்த இடத்தில் மிதாலி அப்படிச் சிரித்தாள். நீ சிரிப்பதுபோலவே, தொடையில் அறைந்துகொண்டு. ஆனால் உடனே போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்து, “அப்ப நானி எப்படி வந்தாங்க? இந்தப் புடவை ஏன் கையில இருக்கு?” என்று கேட்டாள்.

ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலையில் நீ மாக்ஸியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாய். நான் முதுகுப் பக்கம் கொக்கி போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பினால் உன் அம்மா. கையில் ஒரு பை, முகமெல்லாம் கப்பல் அலுப்பு. என் கையிலிருந்த கொக்கி நழுவியது. அவர் உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“ஏட்டி, இதென்னட்டி சட்டை? ராத்திரி போட்டுப் படுக்கதா?”

அவர் பையைத் திறந்து அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவையை எடுத்தார். “உங்கப்பாகிட்ட ரங்கத் ஊருல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உனக்கு இதைக் கட்டிவிட்டுட்டுப் போயிருதேன்.”

உன் கை தானாகப் புடவைப் பக்கம் போயிற்று. ஆனாலும் நீ நீதானே. “அம்மா, நான் இதைத்தான் போட்டுக்குவேன். இவ ராப்பகலா உக்காந்து தச்சிருக்கா” என்றாய்.

உன் அம்மா கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், லேஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புடவையை உதறி விரித்தார்.

“சரி, கழட்ட வேண்டாம். அதுக்கு மேலயே கட்டுதேன். கையைத் தூக்கு.”

நீ கையைத் தூக்கினாய். மாக்ஸியின் மேலே கொசுவம் வைத்துச் செருக இடமில்லாமல் அவர் திணறினார். நான் என் பாவாடை ஒன்றின் நாடாவை உருவிக் கொடுத்தேன். அதை உன் இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதில் செருகினார். நீ அழுதாய், உன் அம்மா அழுதார். பிறகு கண்ணாடியில் பார்த்தால், பட்டுப்புடவைக்குள்ளிருந்து ஜன்னல் திரை இரண்டு பக்கமும் விரிந்துகொண்டு நிற்கிறது. நீதான் முதலில் சிரித்தாய். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. வெளியே வந்து ஜெட்டிக்கு நடந்தோம். நல்ல வெயில். பாதி வழியிலேயே நீ, “அம்மா, வேகுதும்மா” என்றாய். ஜெட்டியில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, உன் அம்மா நிதானமாகப் புடவையை அவிழ்த்தார். உள்ளே முழு உடுப்பு இருக்கும்போது யாருக்கென்ன வெட்கம்? அவிழ்த்து, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்து, கையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில்தான் பிமலின் சிநேகிதன் படம் எடுத்தான். நாம் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். உன் அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புடவையை அவரே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். “அப்பா கேட்டா?” என்றாய். “ரங்கத்துல ஒரு கல்யாணம், கட்டிட்டுப் போனேன்னு சொல்லுதேன்” என்றார். உன் அப்பா பேசத் தொடங்கியது மிதாலி நடக்கத் தொடங்கிய பிறகுதான்.

மிதாலி போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்த ட்ரெஸ் இப்ப எங்க?” என்றாள்.

“உனக்குத்தான் ஜட்டியும் கவுனும் தச்சுப் போட்டா, மகராசி.”

நான் அன்றைக்கு உன்னிடம் எவ்வளவு சண்டை போட்டேன்! கல்யாணத் துணியை வெட்டுவாயா என்று. நீ கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னாய்: “பாப்பாவுக்கு மெத்துன்னு இருக்கும். பெட்டியில வச்சு பூஜையா பண்ணச் சொல்றே?”

துணி வாங்க மிதாலியும் நானும் பஜாருக்குப் போனோம். அவள் முதலில் ஆன்லைனில் வரவழைத்தாள். வந்தது கடுகு அரைத்த நிறம், தொட்டால் வழுக்கியது. பஜாரிலும் எங்கே கேட்டாலும் பளபளப்பாகத்தான் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் பள்ளிச் சீருடைத் துணி விற்கும் ஒரு கடையில் நல்ல பருத்திப் பாப்ளின் கிடைத்தது. பழைய மாக்ஸி எலுமிச்சை மஞ்சள் என்றேன் நான். சர்ஸோன் பூ, அதாவது கடுகுப்பூ மாதிரி இருந்தது என்றான் போனில் பிமல். உன்னைக் கேட்டிருந்தால் இரண்டும் இல்லை என்று மூன்றாவதாக ஒன்று சொல்லியிருப்பாய். மிதாலி இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்தாள். இந்த முறை தாராளமாகத் துணி வாங்கினேன். இருந்தும், கைக்கு அவள் லேஸ்தான் கேட்டாள். திரைச்சீலைக் கடையில் போய்த்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம். யாருடைய பெண்!

அளவெடுக்கும்போது ஒன்று நடந்தது. உனக்கு வலது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கும், அந்தப் பக்கம் தையலைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால்தான் கழுத்து நேராக உட்காரும். மிதாலியின் தோளில் டேப்பை வைத்தேன். அதே வலது பக்கம், அதே இறக்கம். முப்பது வருடமாக அவளைப் பார்க்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. டேப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

“என்ன மாசி?”

“ஒண்ணுமில்ல. நேரா நில்லு” என்றேன். அவள் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருச்சிக்காரர்கள். வரவேற்புக்கு இதைப் போட்டால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று பேசத் தயங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் போட்டோவோடு முழுக்கதையையும் அந்த அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காலையில நான் எடுத்த புடவையைக் கட்டிக்கோ. சாயங்காலம் உங்கம்மா கவுனைப் போட்டுக்கோ. ஆனா ரெண்டையும் ஒண்ணா மட்டும் போட்டுக்காதே, வெயில் தாங்காது” என்றாராம். உனக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

வரவேற்பன்று மண்டபத்துப் பின்னறையில் நானே கொக்கி போட்டுவிட்டேன். பிமல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். அவன் தமிழ் தெரியுமே உனக்கு. நீ எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் ஆண்பால் பெண்பால் அவனுக்குப் பிடிபடவே இல்லை. மிதாலி திரும்பி நின்றாள். லேஸ் கைகள் இரண்டும் விசிறிக் காற்றில் விரிந்தன. பிமல் வாசலிலேயே நின்று பார்த்தான்.

“அவ வந்துட்டான்” என்றான்.

“வந்துட்டா, பாபா. வந்துட்டா” என்று மிதாலி திருத்தினாள்.

“அதான் சொல்றேன்” என்றான் பிமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் அழவில்லை. அழுகை வரும் என்று கைக்குட்டை எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். ஆனால் அவள் மேடையில் நின்றதையும், சின்னப் பிள்ளைகள் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்ததையும், தையல் எங்கேயும் பிரியாததையும் பார்க்கப் பார்க்க மனது நிறைந்துதான் போயிற்று. மீன் வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பந்தியில் என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக விமானம் ஏறி வந்தவர். நல்ல மனுஷி, பேச்சு நிற்கவில்லை. என் தமிழைக் கேட்டுவிட்டு ஆசையாக, “உங்களுக்கு எந்த ஊரு?” என்றார்.

இத்தனை வருடங்களில் இந்தக் கேள்விக்கு நான் சிவகங்கை தவிர வேறு பதில் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகு தம்பிகூடக் கேட்டான், அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், ஊருக்கு வந்துவிடேன் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று இருந்தேன்.

“மாயாபந்தர்” என்றேன்.

“அது எங்க இருக்கு?”

“இங்கேருந்து வடக்க. பஸ்ஸுல போனா பொழுது போயிடும்.”

“ஓ, அப்ப பொறந்து வளர்ந்ததெல்லாம் அங்கதானா?”

ஜெட்டியில் உட்கார்ந்து அழுதவளையும், பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நிலக்கடலை கொறித்துக்கொண்டிருந்த உன்னையும் நினைத்தேன்.

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க” என்றேன்.