மேசையில் பாதி வேலை

ஜூன் 6

அன்பிற்குரிய பல் டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. இந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கூடம். கூடத்தில் அண்ணன் இருக்கிறார். நான் உன்னோடு பேசுகையில் அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. மூன்று பேர் சேர்ந்து பேசுவதைக் கூட்டம் என்று சொல்லலாம், குடும்பம் நடத்துவது என்று சொல்ல முடியாது. குறுஞ்செய்தியில் முழு வாக்கியம் எழுதினால் நீ சிரிக்கிறாய். ஆகவே தாளும் பேனாவும்.

அண்ணனின் இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக மருத்துவர் சொல்லிவிட்டார். ஊன்றுகோலோடு தோட்டம் முழுவதும் நடக்கிறார். உதவிக்கு இருக்கும் அம்மாள் இரவிலும் இங்கேயே தங்குகிறார். எனவே நான் இங்கிருக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மேசை இருக்கிறது. எங்கள் அப்பா கடிகாரம் பழுதுபார்த்த அதே மேசையில்தான் இப்போது அண்ணன் தோட்டத்தில் ஓட விடும் பொம்மை ரயிலுக்கான வேலைகள் நடக்கின்றன. மேசையில் பாதி வேலை கிடக்கும்போது வீட்டை விட்டு யாரும் கிளம்பக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். எழுதப்படாத சட்டம்தான். ஆனாலும் எழுதிய சட்டங்களையெல்லாம் விட இதைத்தான் நான் அதிகம் மதித்திருக்கிறேன். அப்பா போன பிறகு என்னை வளர்த்த அண்ணன் இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

போன வாரம் ரயில் நிலையத்து விளக்குக் கம்பங்களைச் செய்து முடித்தேன். பித்தளைக் குழாயை அறுத்து, அரத்தால் ராவி, உள்ளே மயிரிழை போன்ற கம்பியை நுழைத்து, உச்சியில் கடுகளவு பல்பைப் பற்றவைக்க வேண்டும். கடைசிக் கம்பம் ஆறுவதற்குள் பையை எடுத்துவிட்டேன்.

"என்னடா, பையெல்லாம் வெளிய வந்திருக்கு? மேசையப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். ஒரு சுரங்கப்பாதைக்கான வரைபடமும், அதன் முகப்புக்காகப் பாதி அறுத்த பலகையும் கிடந்தன. அறுத்தவர் அவர்தான்.

பையை மறுபடி பரணில் போட்டுவிட்டேன். கோபிக்காதே.

உன்,
வக்கீல்


ஜூன் 12

அன்புள்ள வக்கீல் ஐயாவுக்கு,

கோபிக்கவில்லை. இன்று காலை ஒருவர் வாயைத் திறந்ததும் உங்கள் நினைவு வந்தது. வேர் வரை சொத்தை. பாதிதான் சுத்தம் செய்ய முடிந்தது. தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் பாதி வேலையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்கும் தலை வெடித்துவிடவில்லை.

இந்த ஊரில் நான் திறந்த புது மருத்துவமனை சூடு பிடித்துவிட்டது. நான் இன்னும் அதன் மாடியறையில்தான் படுக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். திரும்பிப் படுத்தால் சுவர். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை. தெருப்பக்கம் இருக்கும் அறையில் நீங்கள் பலகை மாட்டிக்கொண்டு உட்காரலாம். இந்த ஊரில் சண்டைக்குப் பஞ்சமில்லை, வழக்கு தானாக வரும்.

"ரெண்டு மாசத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது போன வருடத்து இரண்டு மாதம்.

இப்படிக்கு,
சொத்தைப் பல்லோடு குடித்தனம் நடத்தும் உங்கள் டாக்டர்


ஜூன் 24

அன்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

வீட்டைப் பற்றிய செய்தி மகிழ்ச்சி தந்தது. தெருப்பக்கத்து அறைக்கு எந்தத் திசையில் ஜன்னல் என்பதைத் தெரிவிக்கவும்.

சுரங்கப்பாதை வளர்கிறது. தோட்டத்தின் கிழக்கு மூலையில், தண்டவாளம் வளையும் இடத்தில், கம்பி வலையை வளைத்து அதன் மேல் சிமெண்ட் பூசுகிறேன். உயரத்தையும் அகலத்தையும் ஒவ்வொரு நாளும் பயணிகள் பெட்டி ஒன்றை உள்ளே தள்ளிப் பார்த்துச் சரிசெய்கிறேன். முகப்புக் கற்களைப் பலகையில் தனித்தனியாகக் கீறி வண்ணம் பூசியது என் கை. நன்றாகவே வந்திருக்கிறது. அந்தத் திருப்தியை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் மாலையில் வண்டியை ஓட விட்டு அண்ணன் பக்கத்தில் உட்காரும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. மதில் சுவரைச் சுற்றி ஒரே வட்டம். புறப்படுவதற்கென்றே ஒரு நிலையம் கட்டியிருக்கிறோம், விளக்குக்கூட வைத்திருக்கிறோம். அங்கிருந்து கிளம்பும் வண்டி அங்கேதான் வந்து சேர்கிறது. அண்ணன் ஒவ்வொரு முறையும், "வந்துட்டான் பாரு" என்கிறார். எங்கே போனான், வருவதற்கு?

உதவிக்கு இருக்கும் அம்மாள் நேற்றுக் கேட்டார்: "சார், உங்க வீட்டுக்காரம்மா இந்த வீட்டுக்கு எப்ப வருவாங்க?" இது என் வீடு இல்லை, நான் வந்து போகிறவன் என்றேன். "வந்தது தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் துணி உலர்த்தப் போய்விட்டார்.

சுரங்கம் முடிந்து முதல் வண்டி மறுபக்கம் வெளிவந்ததும், மழை, உடல்நலம் முதலியவற்றுக்கு உட்பட்டு, நான் புறப்படுவேன்.

உன்,
வக்கீல்


ஜூலை 1

அன்புள்ள வக்கீல் ஐயாவுக்கு,

ஜன்னல் தெற்குப் பக்கம்.

நமக்குக் கல்யாணம் பேசியபோது என் அப்பா, "பெண்ணைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதற்கு நீங்கள், "இதுவரை பார்த்த அளவில்" என்றீர்கள். நான் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று அது அழகாக இருந்தது. இன்று "உட்பட்டு" என்ற சொல்லைப் பார்த்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, தொழில் தெரிந்தவள் என்பதால் கடிக்கவில்லை.

வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பாராம். அதற்குள் நீங்கள் வருவதாக இருந்தால் அந்த வீடு. இல்லையென்றால் நான் இந்த மாடியறையையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு ஆளுக்கு இரண்டு அறை எதற்கு? இது மிரட்டல் இல்லை. நானும் எங்கேயாவது குடியிருக்க வேண்டும் இல்லையா?

டாக்டர்


ஜூலை 11

அன்பிற்குரியவளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மாலை சுரங்கத்தின் திறப்பு. என் பை வாசலில் தயாராக இருந்தது. அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். அதற்குள் இதுவரை நான் பார்த்திராத ஒரு நீளமான இஞ்சின். முதல் வண்டியை இதுதான் இழுக்க வேண்டும் என்றார்.

வளைவில் நீளமான இஞ்சினின் வயிறு உள்பக்கம் புடைக்கும், மூக்கும் வாலும் வெளிப்பக்கம் தள்ளும். குட்டைப் பெட்டிக்குப் போதுமான அகலம் இதற்குப் போதாது. இது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் காட்டப்பட்டது குட்டைப் பெட்டி மட்டும்தான். வாயைத் திறப்பதற்குள் அவர் விசையைத் தள்ளிவிட்டார். இஞ்சின் உள்ளே போனது. ஒரு உராய்வுச் சத்தம், பிறகு சக்கரம் மட்டும் சுழலும் சத்தம். இரண்டு வாயிலிலிருந்தும் கைக்கு எட்டாத நடுவளைவில் சிக்கிக்கொண்டது.

"உடைச்சுத்தான் எடுக்கணும். அப்புறம் அகலமாக் கட்டணும்" என்றார் அண்ணன். குரலில் வருத்தமே இல்லை.

அட்டைப்பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைக் காட்டி, "இது எப்ப வாங்கினது?" என்று கேட்டேன்.

ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்தார். பிறகு சொன்னார்: "நீ சிமெண்ட் கலக்கறதுக்கு முன்னாடியே. காட்டியிருந்தா நீ அளந்து சரியாக் கட்டிடுவ. கட்டி முடிச்சா போயிடுவ."

ஏமாற்றிப் பெற்ற ஒப்புதல் செல்லாது. எந்த நீதிமன்றத்திலும் நான் இதை நின்று வாதாடுவேன். ஆனால் பையைத் தூக்க என் கை எழவில்லை. நேற்று வரை என்னைக் கட்டியிருந்தது ஒரு சட்டம், அதில் ஓட்டை தேடலாம். இப்போது கட்டியிருப்பது 'போயிடுவ' என்ற அந்த வார்த்தை. அதில் எங்கே ஓட்டை தேடுவது?

உன்,
வக்கீல்


ஜூலை 16

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாவம், தனியாக இருக்கப் பயப்படுகிறார். பயத்தைச் சொல்லத் தெரியாமல் ஒரு இஞ்சினை ஒளித்து வைத்திருக்கிறார்.

கோபம் உங்கள் மேல்தான். அவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவருக்கு, "போய்விட்டு வருவேன்" என்று ஒரு சொல் வேண்டும். எனக்கு, "வருகிறேன்" என்று ஒரு சொல் வேண்டும். இரண்டு பேருக்கும் அதைச் சொல்லாமல் நீங்கள் சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கிறீர்கள்.

டாக்டர்


ஜூலை 22

அன்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

நல்ல செய்தி. சுரங்கத்தின் உள்சுவரை உடைத்து இஞ்சினை வெளியே எடுத்தேன். வளைவின் உள்பக்கத்தை அகலப்படுத்தி மறுபடி பூசினேன். இன்று காலை நீளமான இஞ்சின் ஆறு பெட்டிகளோடு மறுபக்கம் வெளிவந்தது. கையிலிருந்த சிமெண்டைக் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், மேசையில் கூரை கழற்றிய ஒரு பயணிகள் பெட்டி கிடக்கிறது. பக்கத்தில் விரல் நுனி அளவில் பயணிகள், வண்ணம் பூசாமல். ஒவ்வொருவருக்கும் சட்டை, முகம் எல்லாம் தீட்டி உள்ளே உட்கார வைக்க வேண்டுமாம்.

இங்கேதான் எனக்கு அறிவு வேலை செய்தது. அப்பாவின் சட்டம் என்ன சொல்கிறது? மேசையில் பாதி வேலை கிடக்கக் கூடாது. வேலை முடிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பெட்டியையும் பயணிகளையும் வண்ணப் புட்டிகளையும் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். மேசையைத் துடைத்தேன். "அண்ணா, மேசை காலி. கிளம்பறேன்" என்றேன்.

அவர் மேசையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உன்ன வக்கீலுக்குப் படிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார்.

ஆக, சட்டமும் மீறப்படவில்லை, அவர் மனமும் புண்படவில்லை. சனிக்கிழமை புறப்படுகிறேன். தெற்கு ஜன்னலை ஒட்டி ஒரு சிறு மேசை போட இடம் வேண்டும். வெளிச்சம் இடது தோளுக்கு மேல் விழுந்தால் நல்லது.

உன்,
வக்கீல்


ஜூலை 25

அன்புள்ளவருக்கு,

இது உங்களுக்குச் சனிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அந்தப் பெட்டியோடு வராதீர்கள். அது வந்தால் மேசை வரும். மேசை வந்தால் சட்டமும் பின்னாலேயே வரும். அப்புறம் நான் ஏதாவது கோயிலுக்கோ கடைக்கோ கூப்பிட்டால்கூட, பயணிக்கு இன்னும் மூக்கு வைக்கவில்லை என்பீர்கள். அந்த வீட்டிலிருந்து வெளியே வரவில்லை நீங்கள். அந்த வீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

வழக்கில் ஜெயித்து வருகிற ஆள் எனக்கு வேண்டாம். பாதியில் விட்டுவிட்டு வரக்கூடியவர் வேண்டும்.

வீட்டுக்காரர் கேட்கிறார், வீடு வேண்டுமா, வேண்டுமென்றால் சாவி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று. முப்பத்தொன்றாம் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

நான்


ஜூலை 28

என் அன்பிற்குரியவளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை காலையில், பையைத் தூக்கும் நேரத்தில் வந்தது. அன்று நான் புறப்படவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். என் வேகம் உனக்குத் தெரியும்.

இன்று காலை பையைத் திறந்து பெட்டியையும் வண்ணப் புட்டிகளையும் எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். கூரை பக்கத்தில், ஒரு புட்டி திறந்தபடி. பயணிகளில் ஒருவருக்கு மட்டும் சட்டையில் ஒரு கை தீட்டியிருந்தேன், மறுகை வெறும் வெள்ளை. அவரையும் அப்படியே நிற்க வைத்தேன்.

அண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். மேசையைப் பார்த்தார்.

"பாதியில கிடக்குடா."

"ஆமாண்ணா."

"எப்ப முடிப்ப?"

ஒரு தேதி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "தெரியலண்ணா. போயிட்டு வரேன்" என்றேன். வாசற்படியைத் தாண்டுகையில் பையை மார்போடு அணைத்துக்கொண்டது உண்மை. ஐம்பத்து நான்கு வயதில் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

தோட்டத்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மேசை முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திறந்து கிடந்த வண்ணப் புட்டியைக் கையில் எடுத்தார். தூரிகையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. காய்ந்துவிடாமல் இருக்க, மூடியை எடுத்து மெதுவாகத் திருகி மூடினார்.

இதை ஊர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் எழுத்திலேயே, உன் கையில் தருகிறேன், இந்த முறை எந்த நிபந்தனைக்கும் உட்படாமல்.

சாவி இரண்டு வாங்கு.

உன்,
நான்