யார் என் கட்சிக்காரர்

நவ. 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். கறுப்பு கவுன் காயவில்லை. அடுப்புக்கு மேலே போட்டு எடுத்துப் போனேன். முன்சீப் கோர்ட்டின் ஒரே பெண் வக்கீல், தாளிப்பு வாசனையோடு.

இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி வந்தாள். புருஷன் இல்லை. பொதுக் கிணற்றில் அவள் பங்குத் தண்ணீரைப் பக்கத்துக் காட்டுக்காரர் தடுக்கிறாராம். என்னைப் பார்த்துவிட்டு, "வக்கீலய்யா இல்லீங்களா?" நான்தான் என்றேன். நம்பவைக்க ஒரு காபி ஆயிற்று. வழக்கை எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷம்.

நவ. 8, செவ்வாய்

மாமனாருக்குச் செய்தி போய்விட்டது. தேர்தலில் நிற்கிறார். மருமகள் வக்கீல் என்று மேடைக்கு மேடை பெருமை வேறு.

"நம்ம கட்சிக்காரர் மேலயே கேசாம்மா?"

"அந்தம்மாதான் மாமா என் கட்சிக்காரர்."

சிரித்தார். "எலக்சன் முடியற வரைக்கும் வாய்தா வாங்கிட்டே இரு. போதும்."

தேர்தல் மாசியில். அதற்குள் அவள் பயிர் காய்ந்துவிடும். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "அப்பா சொன்னா கேட்டுக்கோயேன்."

கோர்ட்டில் அவ்வளவு பேசுகிறேன். இந்த வீட்டில் "சரிங்க மாமா" தவிர வேறு வருவதில்லை.

வாங்க: நீலம், கஞ்சிமாவு, மாமாவின் கூட்டத்துக்கு வெற்றிலை.

நவ. 23, புதன்

வாய்தா கேட்கவில்லை. வழக்கைக் கூப்பிட்டதும் "ரெடி" என்றேன். எதிர் வக்கீல் எழுந்து ராஜி மனுவை நீட்டினார். தண்ணீரை விட்டுக்கொடுத்து ஆரோக்கியமேரி கைநாட்டு வைத்திருக்கிறாள்! அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"உங்க மாமனாருதானுங்க வூட்டுக்கே வந்தாரு. மருமவ சொல்லியனுப்புச்சான்னாரு. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்குமுன்னு வெச்சேனுங்க."

திரும்பிப் போய் முன்சீப் முன்னால் நின்றேன். ஏமாற்றி வாங்கியது என்றேன். யார் ஏமாற்றியது என்றார் முன்சீப்.

"என் மாமனார்."

"பெயர்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயர். மாமனார் பெயரைச் சொல்லும் மருமகள் இந்தப் பக்கத்தில் கிடையாது. வாக்காளர் பட்டியலில்கூட விரலால்தான் காட்டுவேன்.

சொன்னேன். பெஞ்சு கிளார்க்குக்குக் கேட்கவில்லையாம். மறுபடியும், சத்தமாக.

முன்சீப் ராஜியைப் பதியவில்லை; வழக்கு நடக்கும். வெளியே வந்ததும் ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமனாரு பேரச் சொல்லிட்டீங்களே! இனி எந்த வூட்டுக்குப் போவீங்க?"

தெரியவில்லை. ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூட்ட வந்துவிட்டார்கள்.